திரை செத்த மடிக்கணினி

அஸ்மத் மூன்று யுஎஸ்பி குச்சிகளோடும் தேக்காவில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தோடும் சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் நண்பன் வீட்டில் வந்து இறங்கினான். குச்சிக்கு ஒரு வகை லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். ஒரு வாரம் உட்கார்ந்து பொறுக்கியவை. மூன்றும் பழைய கணினியைத் திணறவிடாதவை, மூன்றும் பார்க்க லட்சணமானவை. ஜூரோங் தொழிற்சாலையொன்றில் இருநூறு கணினிகளைக் கட்டி மேய்ப்பவன் என்ற மிதப்பு அவனுக்குக் கொஞ்சம் உண்டு.

பள்ளித்தோழன் சேதுபதியின் மடிக்கணினிக்குப் பதினோரு வயது. விண்டோஸ் மூச்சு வாங்கியது. போதாக்குறைக்குத் திரையும் செத்துவிட்டது. தொலைக்காட்சியில் மாட்டினால்தான் படம் தெரியும். சேதுபதிக்கு அதில் கவலையே இல்லை. அவனுக்குப் பார்வை போய் இருபது வருடமாகிறது. திரையில் உள்ளதைக் கணினி வாசிக்க, காதால் கேட்டே வேலை பார்ப்பவன்.

"இதப் பாரு, எவ்ளோ அழகா..." என்று தொடங்கிய அஸ்மத் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சேதுபதி சிரித்தான். "அழகு கிடக்கட்டும் லா. இன்ஸ்டால் பண்ணும்போதே பேசுமா?"

"முடிஞ்சப்புறம் பேச வச்சிடலாம். அதுவரைக்கும் நான் படிச்சுச் சொல்றேன்."

"அதான்டா வேணாம். மெஷின் படுத்துடுச்சுன்னா உன் சண்டே எப்ப ஃப்ரீன்னு காத்துக் கிடக்கணும். போன தடவ மூணு வாரம், ஒரு மெயில் பார்க்கல. இந்தத் தடவ நானே போடணும்."

அஸ்மத்துக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவே இல்லை.

சேதுபதி சட்டைப்பையிலிருந்து நான்காவது குச்சியை எடுத்தான். "டெபியன். இதுவும் லினக்ஸ்தான், ஆனா இன்ஸ்டால் பண்ணும்போதே பேசும். நேத்தே வீட்டுல கமலாவோட கம்ப்யூட்டர்ல ரெடி பண்ணிட்டேன்."

"அப்ப என்னை எதுக்குடா கூப்பிட்டே?"

"நீயாதானே வர்றேன்னே!"

எந்த விசையை எப்போது தட்டுவது என்பதெல்லாம் சேதுபதிக்கு மனப்பாடம். குச்சியைச் செருகி, கணினி 'பீப்' என்றதும் பேச வைக்கும் எஸ்ஸைத் தட்டி என்டரைத் தட்டினான். இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துச் சேதுபதியின் மனைவி கமலா வந்து, மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்திருந்த கேபிளைப் பிடுங்கினாள். "நியூஸ் ஆரம்பிச்சிடுச்சுண்ணே."

"ஐயோ கமலா, பாதியில இருக்கு!" அஸ்மத் பதறி எழுந்தேவிட்டான். முன்னால் இருந்தது வெறும் கறுப்புத் திரை. குரலும் ஓடிய ஓட்டத்தில் நாலு வார்த்தைக்கு ஒன்றுதான் அவன் காதில் ஏறியது.

சேதுபதியின் விரல்கள் நிற்கவே இல்லை.

"டேய், என்னடா சொல்லுது?"

"டிஸ்க்க முழுசா அழிக்கலாமான்னு கேக்குது. பேக்கப் இருக்கு, உட்காரு." 'ஆம்' என்பதற்கான எண் ஒன்றை அழுத்தினான்.

அஸ்மத் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டே தொடும் இடம் அது. இவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே தாண்டிப் போனான். வெட்கத்தை மீறிப் பெருமையாக இருந்தது அஸ்மத்துக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப என்ன கேக்குது? இப்ப?" என்று நச்சரித்தான். சேதுபதி ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியில் கணினி தானாக ஒருமுறை அணைந்து எழுந்து, பயனர் பெயரைக் கேட்டுப் பேசியது.

அஸ்மத் தன் மூன்று குச்சிகளையும் பையில் போட்டுக்கொண்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது தலையைச் சொறிந்தான்.

"சேது, என் வீட்டுலயும் ஒரு பழைய லேப்டாப் கிடக்கு. உன் சண்டே எப்ப ஃப்ரீ?"