வேளச்சேரித் தண்ணீரை ருசி பார்த்தவர் பற்றி அறுநூறு வார்த்தைகள்

1

இது கட்டுரையாகப் போயிருக்க வேண்டியது. கதையானதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.

நான் வீட்டுக்குறிப்புகள் எழுதும் பெண்கள் பத்திரிகையின் ஆசிரியை பொங்கலுக்கு முன் போன் செய்தார். “மலர்கொடி, வயசான பெற்றோருக்கு நகர வாழ்க்கை பாதுகாப்பானதா, ஏற்றதா? அறுநூறு வார்த்தை. கடைசியில ஆமாம், இல்லைன்னு ஒரு தெளிவான முடிவு. பெட்டிக்குள்ள ஐந்து டிப்ஸ். உங்க அப்பாதான் உங்ககூடவே இருக்காரே, உங்களுக்கு ரொம்ப ஈஸி.”

ஈஸிதான். டிப்ஸை முதலில் எழுதினேன். ஒன்று: குளியலறையில் வழுக்காத விரிப்பு போடுங்கள். இரண்டு, மூன்று சரளமாக வந்தன. நான்கு: உணவில் உப்பைக் குறையுங்கள்.

நான்காவதோடு கை நின்றுவிட்டது. ஏன் என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

இது 2006 ஜனவரி. அப்பாவோடு பொங்கலுக்கு மரக்காணம் வந்தவள், அவருடைய சிமென்ட் ஷீட் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலை பத்து மணி பஸ்ஸில் சென்னை திரும்ப வேண்டும். கண்டக்டரிடம் ஒரு டிக்கெட் கேட்பேனா, இரண்டு கேட்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘அன்று காலை கடல் அமைதியாக இருந்தது.’

(வேண்டாம். சுனாமிக்குப் பிறகு எழுதப்பட்ட எல்லாக் கதைகளிலும் அன்று காலை கடல் அமைதியாகத்தான் இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: ‘வெள்ளை வெளேரென்று விரிந்த உப்பளத்தின் நடுவே எழுபத்தோரு வயது பச்சமுத்து ஒரு—’

(பச்சமுத்து என் அப்பாதான். ஆனால் டிசம்பரில் உப்பளத்தில் உப்பு ஏது? மழைத் தண்ணீரும் சேறும்தான். உங்களுக்கு வெள்ளை பிடிக்குமே என்று பொய் சொல்லப் பார்த்தேன்.)

மூன்றாவதாக, நடந்தது. 2004 டிசம்பர் 26 காலை. மழையில் கரைந்த வரப்புகளைப் பார்க்க அப்பா உப்பளத்துக்குப் போயிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் தப்பான திசையில் ஏறி வந்தது. வேறு யாராயிருந்தாலும் ஓடியிருப்பார்கள். அப்பா குனிந்து, விரலை நனைத்து, நாக்கில் வைத்தார்.

இது உப்பளத்து ஆட்களின் கைவழக்கம். பாத்தியில் தண்ணீர் பதமாகிவிட்டதா என்று முதலாளிகள் கண்ணாடிக் குழாய் விட்டு உப்பு எத்தனை டிகிரி என்று பார்ப்பார்கள். அப்பா நாக்கில் பார்ப்பார். குழாயும் நாக்கும் சண்டை போட்டால் குழாயை மாற்றிவிடுவார்கள்.

மீதியை உப்பு வியாபாரி பஷீர் அஹமது பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரும் அன்று அங்கே இருந்தார். “அண்ணன் நாக்குல வச்சாரு. ‘ஏம்பா, மழைநாள்ல வாய்க்கா தண்ணி இவ்ளோ கரிக்குமா? இது கடலு. ரோட்டுக்கு ஏறுங்க’ன்னு கத்துனாரு. பதினோரு பேர் ஏறிட்டோம்மா. அவரு கடைசியா வந்தாரு, இடுப்புவரைக்கும் தண்ணி.”

(பஷீர் பாய் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தண்ணீர் கொஞ்சம் ஏறும். போன ரம்ஜானில் மார்புவரை வந்திருந்தது. நான் இடுப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.)

3

நான் ஒரே பெண். அம்மா இல்லை. மறுநாளே வந்து அப்பாவைக் கையோடு வேளச்சேரிக்கு அழைத்துப் போனேன். மகள் வீட்டில் போய் உட்காருவதா என்று ஊரில் நாலு பேர் கேட்டார்கள். கடல் வீட்டுக்குள் வந்து உட்காருவதைவிட இது மேல் என்றேன். எனக்கே பிடித்துப்போன பதில் அது. பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

“ஒரு மாசம் வர்றேன்” என்றார் அப்பா.

எங்கள் ஃபிளாட் இரண்டாவது மாடி. தெருவின் பெயர் ஏரிக்கரைத் தெரு. கரை இருந்தால் ஏரியும் இருந்திருக்குமே, அது எங்கே போயிற்று என்று வீடு வாங்கும்போது நான் கேட்கவில்லை. கடல் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதா என்று மட்டும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன்.

ஊரைப் பிரிந்து அப்பா வாடினார் என்று எழுதினால் கட்டுரைக்கு வசதி. எழுதியும் பார்த்தேன்: ‘அவர் கண்கள் ஜன்னல் வழியே எதையோ—’

அவர் கண்கள் ஜன்னல் வழியே எதிர்வீட்டு டி.வி.யில் கிரிக்கெட் பார்த்தன. லிஃப்ட் அவருக்கு ரொம்பப் பிடித்தது. சாயங்காலம் பேக்கரியில் டீயும் பட்டர் பிஸ்கட்டும். நாற்பது வருஷம் உப்புநீரில் வெடித்த பாதங்கள் நாலே மாதத்தில் ஆறிவிட்டன. “காலு எரியாம தூங்குறேம்மா, இது போதும்” என்றார். ஒரு மாதம் பத்து மாதமானது.

நகரம் ஏற்றதுதான். அறுநூறு வார்த்தை இங்கேயே முடிந்திருக்கலாம்.

4

2005 அக்டோபர் கடைசி. விடாத மழை. காலையில் எழுந்து பார்த்தால் தெருவே இல்லை. கார்களின் கூரை மட்டும் தெரிந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் பாயும் குக்கருமாக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருஷம் முழுக்க சென்னையில் யாராவது ‘கடல் வருது’ என்று புரளி கிளப்பினால் நாலு தெரு காலியாகும். அன்றும் எவனோ கத்தினான்.

முதல் பிரதியில் இப்படி எழுதினேன்: ‘பிடிவாதக்காரரான பச்சமுத்து, யார் தடுத்தும் கேளாமல், பழக்கதோஷத்தில் படியிறங்கிப் போய்த் தண்ணீரை ருசி பார்த்தார்.’

ருசி பார்த்தது உண்மை. மாடிப்படியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி தட்சணாமூர்த்தி சார் சாட்சி. அப்பா கடைசிப் படியில் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். சரியாகப் பிடிபடவில்லையோ என்னவோ, உள்ளங்கையில் அள்ளி இன்னொரு வாய். பிறகு நிமிர்ந்து சொன்னார்:

“கரிக்கல. மழத்தண்ணிதான். யாரும் பயப்படாதீங்க.”

“தேங்க்ஸ் சார்” என்றார் தட்சணாமூர்த்தி. பத்து மாதத்தில் அவர் அப்பாவை சார் என்றது அன்றுதான்.

அந்தத் தண்ணீரில் வேளச்சேரியின் சாக்கடை முழுவதும் இருந்தது. எங்களுக்கெல்லாம் மூக்கிலேயே தெரிந்தது. ஆனால் அப்பா தேடியது உப்பை. அது இல்லை என்றதும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

5

மூன்றாம் நாள் வாந்தியும் பேதியும். ஆட்டோ வராது. மீன்பாடி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் அப்பா என்னை யாரென்று கேட்டார்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “சோடியம் பயங்கரமா இறங்கியிருக்கு. பேதியில போனது ஒரு பக்கம். ஏற்கெனவே சாப்பாட்டுல உப்பு குறைச்சிருந்தீங்களா?” என்றார்.

குறைத்திருந்தேன். அப்பா வந்த புதிதில் செக்கப்பில், பி.பி. இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கொஞ்சம் குறைக்கச் சொன்னார்கள், நான் அநேகமாக நிறுத்தியே விட்டேன். பிப்ரவரி முதல் அவருக்குத் தனிக் குழம்பு, தனி ரசம். நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் உப்பு வாரிப் போட்ட மனிதர் ஒன்பது மாதம் அதைச் சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

(உப்பளத்துக்காரர் உடம்பில் உப்பில்லாமல் விழுந்தார் என்று கற்பனையில் தோன்றியிருந்தால், ரொம்ப சாமர்த்தியமாக இருக்கிறது என்று அடித்திருப்பேன். நடந்ததை அடிக்க முடியவில்லை.)

6

இப்போது நாலாம் பகுதிக்குத் திரும்ப வேண்டும். ‘பிடிவாதக்காரர்’, ‘பழக்கதோஷம்’ இரண்டும் பொய்.

அன்று எவனோ கத்தினான் என்றேன் அல்லவா? அவன் கத்தியதைக் கேட்டு அடுத்துக் கத்தியது நான். கடல் ஆறு கிலோமீட்டர் என்று ஸ்கேல் வைத்து அளந்தவள், எம்.ஏ. படித்தவள், பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு “நைனா, கடலு வந்துடுச்சு நைனா” என்று அலறினேன். சென்னைக்கு வந்து ‘அப்பா’ என்று மாற்றிக்கொண்டு இருபது வருஷமாகிறது.

அவர் ரேடியோவை அணைத்தார். “இரு, பாத்துட்டு வர்றேன்” என்று இறங்கினார். கீழே எல்லாருக்கும் சொன்னதைப் படியேறி வந்து எனக்குத் தனியாக இன்னொரு முறை சொன்னார்: “கரிக்கலம்மா.”

எனக்காகத்தான் குடித்தார். இதை எழுதாமல் தப்பிக்கத்தான் டிப்ஸை முதலில் எழுத உட்கார்ந்தேன்.

7

நேற்று சாயங்காலம் உப்பள வரப்பில் நின்றோம். புதிதாகப் பாத்தி மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். பஷீர் பாய் விடவில்லை. “அண்ணே, இங்கயே இருந்துடுங்க. வேல ஒண்ணும் வேணாம், பதம் மட்டும் பாத்துச் சொல்லுங்க. நாங்க இல்லையா?”

நல்ல மனிதர். ஆனால் உடம்புக்கு முடியாமல் போனால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். கடல் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. வேளச்சேரியில் ஆஸ்பத்திரி பக்கம், மழை பெய்தால் ஏரியும் பக்கம்.

பாய் போனதும் கேட்டேன். “அப்பா, உண்மையச் சொல்லு. உனக்கு எங்க இருக்கணும்?”

அவர் புதுப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. நான் எங்க இருந்தா உனக்கு பயம் இருக்காது? அத சொல்லு. அங்க இருந்துட்டுப் போறேன்.”

எனக்கு இரண்டு இடத்திலும் பயமாக இருக்கிறது.

8

முடிவு (அ): பஸ்ஸில் நான் மட்டும் ஏறுகிறேன். அப்பா கை காட்டுகிறார். பஸ் திரும்பும்போது நான்—

முடிவு (ஆ): இருவரும் ஏறுகிறோம். ஜன்னலோரம் அவருக்கு. இனி எல்லாருக்கும் ஒரே குழம்பு என்று நான்—

இரண்டையும் முடிக்கவில்லை. ஆசிரியைக்கும் ஆமாம், இல்லை எதுவும் அனுப்பவில்லை. நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நீங்களே சொல்லுங்கள். எது என்றாலும் எழுதிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். மெதுவாகச் சொல்லுங்கள். அப்பா வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் காதில் விழுந்தால் போதும், சரிம்மா என்று எழுந்துவிடுவார்.