மஞ்சள் டேப்புக்கு அந்தப் பக்கம்

தோள்பட்டையில் தொடங்கிய வலி முழங்கை வழியாக இறங்கி விரல் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. காய்ந்த போர்வை துணியாகத்தான் இருக்கும். நனைந்த போர்வை செத்த ஆள் மாதிரி கனக்கும். அதை எந்திரத்தின் வயிற்றிலிருந்து இழுத்து வெளியே போடுவதுதான் அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அந்தத் தோளைத் தரையில் வைத்து அவள் படுத்ததில்லை.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடம் அது. நடுவில் ஒரு சுவர். எந்திரங்களை அந்தச் சுவரிலேயே பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. ரத்தமும் சீழும் மலமும் ஒட்டிய துணி அழுக்குப் பக்கம் உள்ளே போகும், வெந்து வெளுத்து சுத்தப் பக்கம் வெளியே வரும். துணி சுவரைத் தாண்டலாம், ஆள் அப்படித் தாண்ட முடியாது. தாண்டினால் மேலங்கியைக் கழற்ற வேண்டும், முழங்கை வரை சோப்புப் போட வேண்டும், விரல் இடுக்குகளைத் தேய்க்க வேண்டும். வாசலில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். கழுவாமல் டேப்பைத் தாண்ட வந்த சூப்பர்வைசரையே ஒருமுறை அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். "போய்க் கழுவிட்டு வாங்க சார்." அவர் முறைத்தார். ஆனாலும் கழுவிவிட்டுத்தான் வந்தார்.

அன்றைக்கு அவள் மத்தியானத்தோடு கிளம்ப அனுமதி கேட்டிருந்தாள். பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் அக்கா விடவில்லை.

"என்னடி, இன்னிக்கு உன் வீட்டுக்காரர் வீட்டுக்குள்ள வர்றாராமே. புது மாப்பிள்ளை கணக்கா வெக்கப்படப் போறாரு."

"வெக்கமா? பயந்து கெடக்காரு. காலைல டீயக்கூட குடிக்கல."

"நீ?"

"எனக்கென்ன. என் பொண்ணு அவரு கையத் தொட்டாப் போதும். வேற எதுவும் வேணாம்."

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தொடுவாடி. போயிட்டு வா."

ஒன்பது வயது மகளுக்கு அப்பா வைத்த பேர் ரேடியோ. வாய் மூடாது. அவன் சிமெண்ட் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவன். சாயங்காலம் வரும்போது இமை மயிர்கூட சாம்பல் நிறத்தில் இருக்கும். குளிக்கப் போகும் முன் ரேடியோ அவனை வழிமறிப்பாள். பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் ஒப்பித்துக்கொண்டே, அவன் முன்கையில் படிந்த தூசியில் விரலால் தன் பேரை எழுதுவாள். பூனை வரைவாள். அவன் கையை நீட்டியபடி நிற்பான். "சீக்கிரம் முடி ரேடியோ, உங்கப்பன் செலையாயிடுவான்."

ஒருநாள் ரேடியோ தொண்டை வலி, காய்ச்சல் என்று படுத்தாள். காய்ச்சல் விட்டது. அடுத்த வாரம் ஒரு காலையில் எழுந்தவள் வேறு பிள்ளையாக எழுந்தாள். கை கழுவினாள், கழுவிய கையைத் திரும்பக் கழுவினாள், தோல் வெடித்து ரத்தம் வரும்வரை கழுவினாள். பிரித்த சாப்பாட்டைத் தொடவில்லை. கண்ணெதிரே கிழித்த பாக்கெட் என்றால் இரண்டு பிஸ்கட் தின்பாள். எழுத்து எறும்புக் கால் மாதிரி ஆனது. அம்மாவின் முந்தானையை விட்டு நகரவில்லை. பேச்செல்லாம் போய் ஒரே கேள்வி மிஞ்சியது: "அம்மா, நான் சுத்தமா?"

"ரேடியோ ஒரே ஸ்டேஷன்ல நின்னு போச்சு," என்றான் அப்பா. சிரிக்கத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் செல்லம் அதிகம் என்றார். கிடங்குக்காரர்கள் ரெண்டு போடு, சரியாகும் என்றார்கள். அடிக்க அவனுக்குக் கை எழவில்லை. அவனைக் கண்டாலே பிள்ளை அலறினாள். சிமெண்ட் தூசி தொண்டைக்குள் போய்த் தன்னைக் கொன்றுவிடும் என்றாள். அவன் தெருக்குழாயில் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தான். அப்போதும் அலறினாள். நகத்தைக் காட்டினான், காதைக் காட்டினான். அலறல் நிற்கவில்லை.

பிள்ளை எலும்பும் தோலுமாக ஆனபோதுதான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. சலவைக்கூடத்திலிருந்து ஒரு சுருள் மஞ்சள் டேப் கொண்டுவந்து முன்னறையின் குறுக்கே ஒட்டினாள். "இந்தா பாரு. அது அழுக்குப் பக்கம், இது சுத்தப் பக்கம். அப்பா இதத் தாண்ட மாட்டாரு. அம்மா வேலை செய்யற எடத்துல இப்படித்தான். ஒரு கிருமிகூட வராது."

அன்றைக்கு ரேடியோ மூன்று துண்டு ரொட்டி சாப்பிட்டாள். அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். ஜெயித்துவிட்டதாக நினைத்து அழுதாள்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்கள். மறுநாள் டேப் ஒரு சாண் தள்ளிப் போக வேண்டியிருந்தது. அதற்கடுத்து ஒரு முழம். அம்மாவே பிய்த்தாள், அம்மாவே ஒட்டினாள். கடைசியில் டேப் வாசற்படிக்கே வந்துவிட்டது. அவனுடைய பாயும் தட்டும் வெளி நடைக்குப் போயின. ஒருநாள் அவன் மறந்து படியில் கால் வைத்தபோது, "அங்கயே நில்லுங்க, அழுக்கு" என்றாள் அவள். சூப்பர்வைசரிடம் சொன்ன அதே குரல். அவன் காலை எடுத்துக்கொண்டு, "கொழந்தை சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டான்.

வெகுநாள் அலைந்தபிறகு ஒரு டாக்டரம்மா தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், எப்போது ஆரம்பித்தது என்று பொறுமையாகக் கேட்டாள். "தொண்டைக் கிருமியைப் பிடிக்க உடம்பு அனுப்புன படை, ஆள் தெரியாம மூளையைப் போட்டு அடிச்சிருக்கு. இது பிடிவாதம் இல்ல, சீக்கு."

"திருடனப் புடிக்க வந்த போலீஸ் வீட்டுக்காரன அடிச்ச கத," என்றான் அவன்.

மருந்து வேலை செய்தது. எழுத்து எழுத்தானது. முந்தானையை விட்டாள். சோறும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் டேப் போகவில்லை. பழகிய பயம் மருந்துக்கு இளகாது, அதற்குப் பயிற்சிதான் வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு தெரபிஸ்டை அனுப்பினாள்.

தெரபிஸ்ட் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து ஓர் ஏணி வரைந்தாள். அடிப்படியில் டேப்பைக் கால் விரலால் தொடுவது. உச்சிப்படியில், வேலைவிட்டு வந்த அப்பாவைக் குளிக்கும் முன் தொடுவது, தொட்ட கையைக் கழுவாமல் இருப்பது. பயத்துக்கு ஒரு பேர் வை என்றபோது ரேடியோ யோசித்து, "வாட்ச்மேன்" என்றாள். "எல்லாத்தையும் சோதிக்கிறான். யாரையும் உள்ள விடமாட்டேங்கிறான்."

அம்மாவுக்கும் தெரபிஸ்ட் ஒரு வேலை கொடுத்தாள். சுத்தமா என்று கேட்டால் பதில் சொல்லக் கூடாது. ஆமாம் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் வாட்ச்மேன் கொழுப்பான். பிறகு வாசலைப் பார்த்துக் கேட்டாள், "இத ஒட்டுனது யாரு?"

"நான்தான் மேடம்."

"பாசத்துல ஒட்டுனதுதான். இத எடுக்கறப்பவும் நீங்க பக்கத்துல நிக்கணும். அவ ஒங்களப் பாத்துத்தான் செய்வா."

பிள்ளை ஒவ்வொரு படியாக ஏறினாள். பாதி நாள் சறுக்கினாள். உச்சிப்படிக்கு இன்றைக்குத்தான் வந்திருந்தாள்.

வெயில் சாய்வதற்குள் அவன் வந்தான். வாசலுக்கு வெளியே நின்று தன்னைத் தானே பார்த்துக்கொண்டான். "இப்படியேவா மேடம்? கொஞ்சம் மொகத்த மட்டும்..."

"இப்படியேதான் வரணும்," என்றாள் உள்ளே உட்கார்ந்திருந்த தெரபிஸ்ட்.

ரேடியோ குனிந்து கடைசி டேப்பைத் தானே பிய்த்தாள். பந்தாக உருட்டிக் கையில் இறுக்கிக்கொண்டாள். அவன் ஒரு காலை உள்ளே வைத்தான்.

"அம்மா, நான் சுத்தமா? அம்மா, சொல்லும்மா. அம்மா."

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். தோள்வலி ஒரு பொருட்டாகவே இல்லை. பிள்ளையின் அழுகை ஏறிக்கொண்டே போனது. அவன் காலைப் பின்னுக்கு இழுத்தான்.

"இழுக்காதீங்கப்பா, நில்லுங்க. பயம் ஏறும், அப்புறம் தானா எறங்கும். எறங்கறத அவ பாக்கணும்," என்றாள் தெரபிஸ்ட்.

மூட்டையோடு நிற்பது போல அவன் நின்றான். "ரேடியோ, ஒரே கொரகொரன்னு கேக்குது. சிக்னல் இல்லையா?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அழுகை விக்கலாக இறங்கியது. விக்கலும் ஓய்ந்தது. "கைய நீட்டுப்பா," என்றாள்.

நீட்டினான். அவள் ஒற்றை விரலால் அந்தத் தூசியில் ஒரு கோடு போட்டாள். பேர் இல்லை, பூனை இல்லை, ஒரு கோடு. விரலை எடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நுனியில் சாம்பல். குழாய்ப் பக்கம் போகவில்லை.

"வாட்ச்மேன் என்ன சொல்றான்?" என்றாள் தெரபிஸ்ட் மெதுவாக.

"கழுவுங்கறான்."

"நீ?"

"இருக்கட்டும்ங்கறேன்."

அவனுக்கு முழங்கால் விட்டுப்போனது. எத்தனையோ மூட்டைக்கு மடங்காத கால். அம்மா பாய்ந்து அவன் இடக்கையைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தாள். அவன் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதான். தண்ணீர் கொண்டுவர அவள் அடுப்படிக்குப் போனாள்.

குழாயைத் திறந்தாள். சோப்பை எடுத்தாள். முழங்கை வரை போட்டாள், விரல் இடுக்குகளைத் தேய்த்தாள், நகத்தைத் தேய்த்தாள். மனசு முன்னறையில் இருந்தது. கை அதுபாட்டுக்குத் தன் தொழிலைச் செய்தது. அழுக்குப் பக்கத்திலிருந்து சுத்தப் பக்கம் வந்தால் செய்வது.

திரும்பினாள். விரலைத் தூக்கியபடியே ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், படியிலிருந்து, அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா கழுவிட்டா," என்றாள் பிள்ளை.

யாரும் பிடிப்பதற்குள் ஓடிவந்து குழாயடியில் கையை நீட்டினாள். அம்மாவை இடித்துத் தள்ளிவிட்டுக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். டேப் உருண்டை காலடியில் விழுந்து நனைந்தது.

தெரபிஸ்ட் யாரையும் குறை சொல்லவில்லை. "அவ தொட்டாள்ல, அது அழிஞ்சு போகாது. மறுபடி ஏறலாம்," என்றாள். போகும்போது அம்மாவின் ஈரக் கையைப் பிடித்து அழுத்தினாள். அது அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

அவன் எழுந்து வெளியே போயிருந்தான். டேப் இல்லாத படியை, டேப் இருப்பது போலவே காலைத் தூக்கித் தாண்டிப் போனான்.

பிள்ளை களைத்துப்போய்ச் சுருண்டு படுத்தபிறகு அவள் நடைக்கு வந்தாள். அவன் தெருக்குழாயில் குளித்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்திருந்தான். தலையும் உடம்பும் ஈரம். வலது முன்கை மட்டும் நனையவில்லை. சாம்பல் அப்படியே இருந்தது, அதில் அந்தக் கோடும். எதிலும் பட்டுவிடாமல் கையை முழங்காலின் மேல் வைத்திருந்தான்.

அவள் வாயைத் திறந்தாள். "சாப்பாடு போடறேன், உள்ள வாங்க," என்றுதான் வந்தது.

"இங்கயே கொண்டா. இன்னிக்கு அவ அழுதது போதும்."

கொண்டுவந்தாள். இடக்கையால் சாப்பிட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தட்டை ஒதுக்கிவிட்டுச் சொன்னான், "தோள் வலிக்குதா? போய்ப் படு."

அவள் போய்ப் படுத்தாள். அவனைத் தொட்ட கையை அவன் கண்ணெதிரே, மகள் கண்ணெதிரே, கழுவியதற்கு அவள் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது இன்னும் பாக்கி.