மூன்றாவது வாய்தாவுக்குப் பிறகு

முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இது. எங்கள் நகராட்சியில், வீட்டு வரி மதிப்பீட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் மூன்று வாய்தாக்களுக்கு வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும். மறுநாள் காலையில், மதிப்பீட்டில் எழுதியுள்ளபடி வீடு ஆகிவிடும்.

எங்களுடையது மாடியில்லாத வீடு. நானும் என் கணவர் ஞானசம்பந்தமும் மட்டும் அதில் குடியிருந்தோம். மதிப்பீட்டிலோ, மாடி உண்டு, வாடகைக்கு இருப்போர் நால்வர், உரிமையாளர் அங்கு வசிக்கவில்லை என்று இருந்தது. பத்திரம் கணவர் பெயரில் இருந்ததால் வழக்கும் அவர் பெயரில் நடந்தது.

முதல் வாய்தா அஷ்டமியில் வந்தது; அவர் போகவில்லை. இரண்டாவது நவமியில். மூன்றாம் வாய்தாவன்று அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். வாயைத் திறந்தால் வம்பு என்று மௌனமாக இருந்தார். பேசவே வேண்டாம், வந்து நின்றால் போதும் என்று வக்கீல் குமாஸ்தா தொலைபேசியில் மன்றாடினார். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்; போகவில்லை.

மறுநாள் காலையில் மாடி இருந்தது. படியிறங்கி வந்த தில்லைநாயகி என்ற பெண்மணி, தண்ணீர் வரவில்லை என்றார்.

"எட்டு வருஷமா சொல்றேன், ஆறு மணிக்கே மோட்டார் போடுங்கன்னு. ஓனர் இல்லாத வீடுன்னா இப்படித்தான்."

ஓனர் பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டு மோட்டாரைப் போட்டேன்.

பதினோரு மணிக்கு வருவாய் ஆய்வாளர் வந்து ஆட்களை எண்ணினார். தில்லைநாயகி, அவர் மகன், மருமகள்; ஒருவர் குறைந்தது. எண்ணிக்கை குறைந்தால் வீட்டுக்குச் சீல் வைப்பார்கள்.

"சார் சாயங்காலத்துக்குள்ள கிளம்பிடணும். நாலாவது ஆளா நீங்க இருந்துக்கலாம்மா. ரெண்டு பேரும் இருக்க வழியில்ல."

இருவருமே போய்விடலாம் என்றேன். கணவர் மறுத்து, துணிப்பையில் இரண்டு வேட்டிகளை மடித்து வைத்தார்.

"நாள் பாக்காமலா கிளம்புறீங்க?"

"நான் நாள் பாத்தது போதும். நீ வீட்ட விட்டுடாத."

பின்னர் உறுதியானவை: நான் நான்காவது வாடகைதாரர், பின்கட்டு அறை என்னுடையது. மாடி ஒழுகுகிறது. வாடகை ரசீதில் கணவர் என்னைத் 'திருமதி' என்று குறிப்பிடுகிறார். மதிப்பீட்டில் உரிமையாளர் முகவரி, தபால் பெட்டி எண் பதினேழு என்று இருந்ததால், அவர் தலைமைத் தபால் நிலையத்தில் அந்தப் பெட்டியில் வசிக்கிறார். சோற்றையும் குழம்பையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஆறிவிடக் கூடாதென்பதால் ரசத்தை மட்டும் விரைவுத் தபாலில். பதினெட்டாம் பெட்டி மாதக் கடைசியில் காலியாகிறது. நடுத்தகட்டைக் கழற்றிவிட்டால் அவர் காலை நீட்டிக்கொள்ளலாம் என்று தபால் அதிகாரி எழுதியிருக்கிறார்.