இருபத்து மூன்று ஆம்பியர்

ஜவுபர் வீட்டில் சமைக்கிற குசினி எரிந்து மூன்று நாளாகிறது. நெருப்பு அன்றே அணைந்துவிட்டது, அவன் வாய்தான் அணையவில்லை. மருதமுனைத் தேநீர்க் கடைகளில் எல்லாம் ஒரே பேச்சு: நளீரின் வயரிங்தான் எரித்தது. அந்த நளீர் நான். ஜவுபர் என் சகலன். மாமி தன் வளவுக் காணியை இரண்டாகப் பிரித்து, என் மனைவிக்கு ஒரு வீடு, அவள் தங்கச்சி அஸீஸாவுக்கு ஒரு வீடு என்று சீதனம் கொடுத்ததால், இந்த முகத்தைப் பார்க்காமல் எனக்கு விடிவதேயில்லை.

பேச்சோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பள்ளிவாசல் மேல்மாடி வயரிங்குக்கு என்னைத்தான் பேசி வைத்திருந்தார்கள். அதை எனக்குக் கொடுக்கக்கூடாது என்று பள்ளித் தலைவர் ஸைனுலாப்தீன் ஹாஜியாரிடம் போய்ச் சொல்லிவிட்டான். அது கைவிட்டுப் போனால் ஊரில் பல்ப் மாட்டக்கூட என்னை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, எரிந்த குசினியை நேரில் பார்க்க ஹாஜியார் வந்தார். வேலிக்கு வெளியே நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"இதான் இவர்ர வேல. இவர்ர கையில பள்ளியக் குடுக்கப் போறீங்களா?" என்றான் ஜவுபர். அவன் வாயில் என் பெயர்கூட வரவில்லை.

கரிக்குள் கிடந்த மின்னடுப்பைத் தூக்கிக் கவிழ்த்தேன். சவூதியிலிருந்து அவன் பெருமையாகக் கொண்டுவந்தது. அடித்தகட்டைத் துடைத்தேன். 120 வோல்ட், 12 ஆம்பியர். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பென்சிலை எடுத்துச் சுவரில் எழுதினேன்.

"ஹாஜியார், நூத்தி இருவதப் பன்னெண்டால பிரிங்க. பத்து. அதுதான் இந்த அடுப்புட தடை. நூத்தி இருவதயும் பன்னெண்டயும் பெருக்கினா ஆயிரத்தி நானூத்தி நாப்பது வாட். அந்த ஊருக்குச் சரி. நம்மட கறண்ட் இருநூத்தி முப்பது வோல்ட். தடை அதே பத்து. அப்ப இருவத்தி மூணு ஆம்பியர் இழுக்கும். அய்யாயிரத்தி இருநூத்தித் தொண்ணூறு வாட். மூணரை மடங்குக்கு மேல."

ஹாஜியார் விரல் மடக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

"சுவத்துக்குள்ள வயர் நல்லாத்தான் இரிக்கி. பதினஞ்சு ஆம்பியர் பிளக்குக்குள்ளால இருவத்தி மூணு போனா அது உருகாம என்ன செய்யும்? அங்கதான் நெருப்புப் புடிச்சிருக்கி."

ஜவுபரின் முகம் செத்துப்போனது. எனக்கு அது போதவில்லை. வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"சவூதிப் பிளக்குக்கு ரெண்டு தட்டைக் கால். இஞ்ச ஏறாது. அத வெட்டிப்போட்டு, அடியில என்ன எழுதியிரிக்கெண்டு பாக்காம நம்மட பிளக்க மாட்டிக் குடுத்த மடையன் ஆரு? அவனப் புடிங்க."

நெருப்புச் சுட்ட கையில் கட்டோடு அஸீஸா கதவடிக்கு வந்தாள்.

"நீங்கதான் மச்சான். போன வெள்ளிக்கிழம நீங்க மோட்டர் சைக்கிள்ள ஏறக்குள்ள கொண்டு வந்து தந்தன். நிண்ட நிலையில மாத்தித் தந்தீங்க."

மாதத்துக்கு இருபது சாமான் அப்படி வருகிறது. அயன்பொக்ஸ், சோத்துக்குக்கர், என்னென்னவோ. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நீட்டுவார்கள், நான் வெட்டி மாட்டிக் கொடுப்பேன். ஒன்றையாவது கவிழ்த்துப் பார்த்த நினைவில்லை. அவள் கையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஹாஜியார் சுவரில் இருந்ததை மேலிருந்து கீழாக இன்னொரு தரம் வாசித்தார்.

"கணக்குச் சரிதானே, மகன்?"

"சரி, ஹாஜியார்" என்றேன்.