பத்தேக்கரில் இரண்டு அறை

அப்பாவின் தலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் தலையணையைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. லொரேன் நகரவில்லை. நகர்ந்தால் தலை சரிந்துவிடும். வந்திருப்பது பக்கத்து வீட்டு ஏவரில்தான் என்று பார்க்காமலேயே தெரிந்தது. மணியையும் அடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் ஜன்னல் வழியாகவும் எட்டிப் பார்ப்பவள் அந்தச் சந்தில் அவள் ஒருத்திதான்.

ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த சுவரொட்டிக்கு மேலே அவளுடைய நரைத்த தலை எழும்பிக் கையை ஆட்டியது. 'பத்தேக்கரைக் காப்போம்' என்று தெருவில் போகிறவர்களுக்கு நேராகத் தெரியும் எழுத்துகள், உள்ளே இருப்பவர்களுக்கு இடம் வலம் மாறித் தெரியும். இந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து லொரேன் அதை மாறிய எழுத்தில்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படி ஏற முடியாமல் போனதும் மருத்துவமனைக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து முன்னறையில் போட்டார்கள். ஜன்னல் பக்கம்தான் போட வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். சந்துக்கு அந்தப் பக்கம் வயல். பத்தேக்கர் என்று பெயர். அளந்து பார்த்தால் அதைவிட அதிகம். மார்ல்கோட் ஊரைச் சுற்றி வீடு கட்டக்கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருக்கும் பசுமை வளைய நிலத்தில் அதுதான் கடைசித் துண்டு. காலையில் வந்த நர்ஸ் மருந்துக் குழாயைச் சரிபார்த்துவிட்டு, இன்றோ நாளையோ என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏவரில் சூப் கொண்டு வந்திருந்தாள். குடிக்கிறவர் யார் என்று லொரேன் கேட்கவில்லை. ஊரில் யாருக்காவது முடியப்போகிறது என்றால் சூப் வரும், முடிந்த பிறகு கேக் வரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் இங்கே எல்லோருக்கும் கூச்சம்.

ஆனால் ஏவரிலுக்கு இன்று பேச வேண்டியது இருந்தது. பத்தேக்கரில் வீடு கட்டக் கேட்கும் கம்பெனியின் விண்ணப்பத்தை, அனுமதி கொடுக்கிற திட்டக் குழு அடுத்த மாதம் எடுத்துக்கொள்கிறது. ஊர்க்காரர்கள் பக்கம் மூன்று நிமிஷம் பேசலாம். அப்பா பெர்னார்டின் பெயரைத்தான் கொடுத்திருந்தார்கள். இதையெல்லாம் நோயாளிக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று அவள் கிசுகிசுத்தாள். அந்தக் கிசுகிசுப்பு மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"அவருக்குப் பதிலா நீ பேசிடு கண்ணு. நாங்க கெழடுங்க பேசுறதுக்கும் மக பேசுறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அவங்க வாயை அடைச்சிடும்."

"பாக்கலாம், ஏவரில்."

இந்த ஊரில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டாலும் பாதிரியார் நன்கொடை கேட்டாலும் அப்படித்தான். சாகப்போகிறவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் சொன்னால் மட்டும் அது சரி என்று ஆகிவிடுகிறது. ஏவரில் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஏழு வருஷமாக இதே கதைதான். ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டால் நாற்காலி போதாது. வீடு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு வீடு இல்லாமல் போய்விட்டது, அரசாங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிறகு, இங்கே மட்டும் வேண்டாம் என்பார்கள். ரோடு தாங்காது, பள்ளிக்கூடம் தாங்காது, டாக்டரிடம் இப்போதே இடமில்லை, வானம்பாடிகள் எங்கே போகும். வீடு தேவைப்படுகிறவர்கள் அந்த நேரத்தில் கடையிலோ கிடங்கிலோ வேலையில் இருப்பார்கள், அவர்கள் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. இந்தச் சந்தில் இருக்கிற வீடுகளும் ஒரு காலத்தில் வயலில் முளைத்தவைதான் என்று மதுக்கடையில் எவனோ ஒருவன் சொன்னான். அவனோடு அப்பா அதற்கப்புறம் பேசவில்லை.

லொரேனும் கூட்டங்களுக்குப் போனதில்லை. கல்யாணம் முறிந்து மகள் ஃப்ரேயாவோடு பெட்டி படுக்கையுடன் இங்கே வந்தவள், அந்த நேரத்தில் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். தாயும் மகளும் படுப்பது ஒரு கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத சின்ன அறையில். ஃப்ரேயா இப்போது அவளைவிட உயரம். அப்பாவுக்குப் பிறகு வீடு லொரேனுக்கும் அண்ணன் கிளைவுக்கும் பாதிப் பாதி, விற்றுத்தான் ஆக வேண்டும். அவள் பங்கில் இந்த ஊரில் ஒரு கார் கொட்டகை கூடக் கிடைக்காது. எதிரே வயல் இருக்கிற வரைக்கும்தான் இந்த வீட்டுக்கு மதிப்பு என்று கிளைவ் போன வாரம் போனில் சொல்லியிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு வீடு இருக்கிறது, அவ்வளவுதான்.

பத்தேக்கரில் கட்டப்போகிற வீடுகளில் சிலதை ஊர்க்காரர்களுக்குக் குறைந்த வாடகைக்கு ஒதுக்குவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. போன வசந்தத்தில் லொரேன் தன் பெயரைக் கொடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, அப்பா கேட்கிறபடியே முட்டையை அரைவேக்காடாக வேகவைத்துக் கொடுத்தாள்.

பிற்பகலில் வெயில் கட்டில் வரை வந்தது. குச்சியின் நுனியில் இருந்த ரோஸ் நிறப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டைத் துடைத்தாள். அவர் அதைக் குழந்தையைப் போலச் சப்பினார். கண் திறந்திருந்தது.

"ஏவரில் வந்தாளா?" என்றார். குரல் உலர்ந்து போயிருந்தது.

"வந்தாங்க. சூப் குடுத்துட்டுப் போனாங்க."

"நீ பேசுவியா?"

பேசுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சாகிறவரிடம் பொய் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் அவளுக்கு அவ்வளவு களைப்பாக இருந்தது. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"அப்பா, அங்க கட்டப்போற வீட்டுல ஒண்ணு எனக்கு வேணும்னு பேர் குடுத்திருக்கேன்."

 காதில் விழவில்லையோ என்று நினைத்தாள். மருந்துக் குழாயின் சின்ன மோட்டார் ஒரு தடவை முனகி அடங்கியது. சந்தில் யாரோ நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"எத்தன ரூமு?" என்றார்.

"ரெண்டு."

அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வயலில் கோதுமை அறுத்த தாள் மட்டும் நின்றது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரைய இழுத்து வுடு."

இழுத்துவிட்டாள். வெயில் கண்ணில் அடித்ததா, வயலைப் பார்க்கப் பிடிக்கவில்லையா, இல்லை அவளையே பார்க்கப் பிடிக்கவில்லையா என்று கேட்கத் துணிவில்லை. தேநீர் போட்டுக்கொண்டு வந்து கேட்கலாம் என்று சமையலறைக்குப் போனாள். கெட்டில் கொதித்துத் தானே அணைந்தது. அவள் திரும்பி வந்தபோது அறையில் மூச்சுச் சத்தம் ஒன்றுதான் இருந்தது, அது அவளுடையது.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடு இன்னும் இருந்தது. அழுகை வரவில்லை. களைப்புதான் வந்தது; துக்கம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது. ஃப்ரேயா பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வரைக்கும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், தேநீர் ஆறிப்போயிற்று.

அடக்கத்துக்கு முந்தின நாள், எல்லா ஏற்பாடுகளையும் பார்க்கும் நிறுவனத்துக்காரர் போன் செய்தார். தேவாலயத்துக்குப் போகிற வழியில் சவ வண்டியைப் பத்தேக்கர் வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தலாமா என்று அப்பாவின் நண்பர்கள் கேட்கிறார்களாம். இது வழக்கம்தான், சிலருக்குக் கால்பந்து மைதானம், சிலருக்கு மதுக்கடை, என்றார். லொரேன் சரி என்றாள். ஒரு நிமிஷம்தானே.

மறுநாள் அந்த நிறுவனத்துக்காரர் உயரத் தொப்பியும் கைத்தடியுமாக முன்னால் நடக்க, வண்டி நடைவேகத்தில் சந்தில் வந்தது. பின்னால் வந்த நீளக் காரில் லொரேன், ஃப்ரேயா, கிளைவ். வளைவு திரும்பியதும் கிளைவ், "அடக் கடவுளே," என்று முனகினான்.

வயல் வாசலில் முப்பது பேருக்குக் குறையாமல் கறுப்புக் கோட்டில் நின்றார்கள். எல்லோர் கழுத்திலும் பச்சைத் துணி. கையில் குச்சி வைத்த பதாகைப் பலகைகள். வரிசை ஒழுங்காக, மரியாதையாக, உயரம் பார்த்து நின்றிருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிற ஆள் வேலிமேல் ஏறியிருந்தான்.

"அம்மா, இவங்க தாத்தாவுக்கு வந்திருக்காங்களா, வயலுக்கு வந்திருக்காங்களா?" என்றாள் ஃப்ரேயா.

"ரெண்டுக்கும்தான்."

வண்டி நின்றது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக் குனிந்தார். ஏவரில் வந்து கார் கதவைத் திறந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அந்த அழுகையில் ஒரு துளிகூடப் பொய் கிடையாது. ஒரு பதாகையை லொரேன் கையில் வைத்தாள். அப்பா எப்போதும் பிடிக்கிறது அதுதானாம். குடும்பத்தோடு வண்டிக்கு முன்னால் ஒரு படம், திட்டக் குழு கூடுவதற்குள் பத்திரிகையில் வந்துவிடும், பெர்னார்ட் இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்.

அது உண்மைதான். அவர் இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். லொரேன் காரிலிருந்து இறங்கினாள். பதாகை நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள், அன்பாகத்தான். சின்ன வயதில் அவளுக்குப் பல் பிடுங்கியவர், பியானோ சொல்லிக்கொடுத்தவர், சைக்கிளிலிருந்து விழுந்தபோது தூக்கிக்கொண்டு போனவர். எல்லோருக்கும் தலைக்கு மேலே கூரை இருந்தது, அதற்கு எதிரே ஒரு வயலும் இருந்தது.

பதாகையை ஏவரிலிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் அன்னிக்குப் பேச மாட்டேன், ஏவரில்."

"பரவாயில்ல கண்ணு, இந்த நெலமையில யாரு பேசச் சொல்வா. வேற ஆளப் பாத்துக்கலாம்."

"அதுக்கில்ல. அங்க வர்ற வீட்டுல ஒண்ணு கேட்டுப் பேர் குடுத்திருக்கேன். எனக்கும் ஃப்ரேயாவுக்கும். அது வந்தாத்தான் எங்களால இந்த ஊர்ல இருக்க முடியும்."

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது. பல் டாக்டர் தன் ஷூவைப் பார்த்தார். கிளைவ் கார் கண்ணாடியைக் கீழே இறக்கினான், ஒன்றும் தோன்றாமல் மறுபடி ஏற்றினான். வரிசையின் கடைசியிலிருந்து ஒரு பெண் குரல் மட்டும், "பொணத்த முன்னால வச்சுக்கிட்டா இதச் சொல்லணும்," என்றது.

லொரேன் வண்டிப் பக்கம் திரும்பினாள். இவர்களும் பிணத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் பதாகை பிடிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப் போகிறது. தொப்பிக்காரரைப் பார்த்து, "கூட்டிட்டுப் போங்க," என்றாள். அவர் தொப்பியை வைத்துக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல நடக்கத் தொடங்கினார். வண்டி நகர்ந்தது. அவள் காரில் ஏறவில்லை. அங்கிருந்து தேவாலயம் தெரிந்தது. வண்டிக்குப் பின்னால் நடந்தாள், அப்போதுதான் அழுகை வந்தது. துடைக்கவும் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது. ஏவரில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பதாகை இன்னும் கையில் இருந்தது, எழுத்து உள்பக்கமாக.

"பெர்னார்டுக்குத் தெரியுமா?"

"தெரியும். கடைசி நாள் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

திரையை லொரேன் நினைத்தாள். எப்படிச் சொன்னாலும் அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

"ஒண்ணும் சொல்லல."

"ஏழு வருஷத்துல அந்த மனுஷன் ஒண்ணும் சொல்லாம இருந்து நான் பாத்ததில்ல," என்றாள் ஏவரில். பிறகு அவளும் ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். பின்னால் கார் ஊர்ந்து வந்தது. வயலின் வேலி முடிகிற இடத்தில் ஏவரில் கேட்டாள்.

"எந்தப் பக்கம் குடுக்குறாங்களாம்?"

"தெரியல. முதல்ல கட்டணும். குடுத்தா, குடுக்குற எடத்துல இருந்துக்க வேண்டியதுதான்."

"ஓடைப் பக்கம்னா வேண்டாம்னு சொல்லிடு."

லொரேன் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க தண்ணி நிக்கும். மார்ச் ஏப்ரல் வரைக்கும் வத்தாது. நிஜமாத்தான் சொல்றேன், ஆட்சேபனை மனுவுக்காக எழுதினதில்ல," என்றாள் ஏவரில். அவள் குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "மேட்டுப் பக்கம் கேளு. கீழ இருந்தா புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டும்."

தேவாலய வாசலில் ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். லொரேன் பின்னாலேயே உள்ளே போய் ஃப்ரேயாவோடு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கிளைவ் அவளுக்கு இடம் விட்டு, தள்ளி, ஓரத்தில் உட்கார்ந்தான். பதாகையை என்ன செய்வது என்று தெரியாமல் ஏவரில் கதவருகே நிற்பது தெரிந்தது. நனைந்த குடைகளைப் போடுகிற தொட்டிக்குள் அதன் குச்சியைச் செருகினாள். பலகை சாய்ந்தது, நிமிர்த்தி வைத்தாள். பிறகு தன் இடத்துக்குப் போகாமல், நடுப்பாதையில் நேராக முன்னால் வந்து, லொரேனைக் கொஞ்சம் நகரச் சொல்லி, குடும்பத்தார் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.