ஊசியின் மூன்றாவது துண்டு

செவ்வாய்க்கிழமை காலை பசியாறக்கூட இல்லை, ருக்குமணி தையல் மெஷினைத் துடைக்க உட்கார்ந்துவிட்டாள். மெஷின் அப்படியொன்றும் அழுக்காக இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு போர்வையைத் தைத்து முடித்து, ஞாயிற்றுக்கிழமை பேரனின் முப்பதாம் நாள் சடங்கில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கொடுத்துவிட்டு வந்தவள். அந்த மெஷினைச் சும்மாவாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

துடைத்து முடித்ததும் உடைந்த ஊசிகளை ஒட்டி வைக்கிற நோட்டை எடுத்தாள். வீட்டில் யாராவது இப்படி ஒரு நோட்டு வைத்திருப்பார்களா என்று கேட்டால், வைத்திருக்கமாட்டார்கள். ஆனால் ருக்குமணி புக்கிட் தெங்கா என்கிற ஊரில், வெளிநாட்டுக்குக் குழந்தை உடுப்புத் தைத்து அனுப்பிய ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் மெஷின் மிதித்தவள். அங்கே ஊசி உடைந்தால் கையைத் தூக்க வேண்டும். துண்டுகளை எல்லாம் தேடிப் பொறுக்கி, தாளில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். பிறகு பக்கத்தில் ஒரு முழு ஊசியை வைத்து நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் இழை குறைந்தாலும் புது ஊசி கிடையாது, அந்த லைனில் யாருக்கும் வேலையும் கிடையாது. ஒரு தடவை ஒரே ஒரு துண்டுக்காக மூன்று மணி நேரம் நாற்பது பேர் தரையில் தவழ்ந்து தேடினார்கள். குழந்தை போடுகிற உடுப்பு, விளையாட்டா என்ன? தொழிற்சாலையை மூடிய பிறகு பொழுதுபோக்குக்காகத் துண்டுத்துணிகளை ஒட்டிப் போர்வை தைக்க ஆரம்பித்தபோதும் அவள் அந்தச் சட்டத்தை விடவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஓர் ஊசி உடைந்தது. போர்வையின் மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓரம் மடித்துத் தைக்கிறபோது, கனத்த மூலையில் டக்கென்று போனது. இரண்டு துண்டு அகப்பட்டது. ஒட்டினாள். சடங்குக்கு ஒரு நாள்தான் இடையில் இருந்தது. நீளம் பார்க்காமல் புது ஊசியை மாட்டிக்கொண்டு தைத்துத் தள்ளிவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தவறாமல் செய்ததை அன்றைக்குச் செய்யவில்லை.

இப்போது செய்தாள். முழு ஊசியைப் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் வைத்தாள்.

ஓர் அரிசி நீளம் குறைந்தது. குறைந்தது கூர்முனை.

பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தை எடுத்து மெஷினைச் சுற்றி, மேசைக்கடியில், பாயில், துடைப்பத்தில், குப்பைக்கூடையில் என்று எல்லா இடத்திலும் தடவினாள். இரண்டு குண்டூசியும் ஒரு ஸ்டேப்பிள் கம்பியும் ஒட்டின. முனை இல்லை. இங்கே இல்லையென்றால் அது வேறு எங்கே இருக்கும்? பஞ்சுக்குள் இருக்கும். பஞ்சு அந்தப் போர்வையில் இருக்கிறது. போர்வை கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில், மகன் வீட்டில், முப்பது நாள் குழந்தைக்கு அடியில் இருக்கிறது.

மருமகள் கோகிலாவுக்குப் போன் அடித்தாள்.

"அத்தை, சொல்லுங்க."

"சாப்ட்டியாம்மா?"

"எங்க? இவன் இப்பத்தான் தூங்குனான். உங்க போர்வையிலதான்லா. வேற எதுல போட்டாலும் கத்துறான்."

"அது வந்து... ஓரத்துல தையல் சரியா வரல. கொஞ்சம் எடுத்து வையேன். நா வந்து சரி பண்ணித் தர்றேன்."

"ஐயோ அத்தை, யாரு பாக்கப்போறா? நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் வர்றப்ப பாத்துக்கலாம். நானும் கொஞ்சம் படுக்குறேன், கண்ணே தெறக்க முடியல."

போனை வைத்துவிட்டாள். ஊசி என்கிற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ருக்குமணியை நாலு அறை அறைந்தால்கூடத் தகும். ஆனால் அவள் ஏன் சொல்லவில்லை என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் பாசாரில் மீன் கழுவிய தண்ணீரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கையில் மாவுக்கட்டோடு குளிக்கிறபோதுதான் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மணிக்கட்டு சேர்வதற்குள் ஆப்பரேஷன், அதன் பின்னால் ஆறு தடவை கீமோ. முடி போய்த் திரும்ப வந்தது. பத்து நகமும் கறுத்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. அவை மட்டும் திரும்ப வரவில்லை. சட்டைப் பித்தான் போட முடியாது. சூடான கோப்பை எது, ஆறிய கோப்பை எது என்று தெரியாது. மகன் புவனேஸ்வரன் மெஷினைத் துணியால் மூடிக் கட்டிவிட்டு, "இனிமே இது வேணாம்மா, கையத் தச்சிக்கப்போறீங்க" என்றான். கோகிலாதான் அவனிடம் சண்டை போட்டு அந்தக் கட்டை அவிழ்த்தாள். "அத்தைக்கு இப்பக் கை நல்லாயிடுச்சு, கேட்டுப் பாரு" என்றாள். அவன் கேட்டான். நல்லாயிடுச்சு என்று ருக்குமணி சொன்னாள். கூசாமல் சொன்னாள். துணி வழுக்காமலிருக்க விரல்களில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு, கண்ணாலேயே பார்த்துப் பார்த்துத் தைத்தாள்.

தனக்காகப் பேசிய ஒரே ஆளிடம் போய், உன் பிள்ளையின் படுக்கையில் ஊசி வைத்துத் தைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதுதான் நாக்கு எழவில்லை.

ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு குழந்தை ஒருக்களித்துப் புரள்வதுபோல மனசில் ஒரு காட்சி வந்தது. முப்பது நாள் குழந்தை புரளாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? எழுந்து திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்தாள். தூங்குகிறபோது கோகிலா போனைச் சத்தமில்லாமல் போட்டுவிடுவாள். அவளுடைய அம்மா நேற்றுத்தான் பாலிக் புலாவில் தன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. மகனுக்கு அடித்தாள். அவன் வேலை செய்கிற இடத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

காந்தத்தையும் தையல் பிரிக்கிற கத்தியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். போனில் கிராப் வாடகைக் காரை அழைக்க அவளுக்குத் தெரியாது. எப்போதும் மகன்தான் போனில் தட்டி வரவழைப்பான். வீட்டருகே ஜாலான் பேராக்கில் பஸ்ஸுக்கு நின்றாள், படகுத்துறையில் அக்கரைக்குப் போகிற பெர்ரிக்கு நின்றாள். பெர்ரி கிளம்பிய பிறகுதான் போனை வாயருகே வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் பேசினாள்.

"கோகிலா, புள்ளைய அதுலேருந்து தூக்கும்மா. போர்வைக்குள்ள ஊசி முனை இருக்கு. தையல் சரியில்லன்னு சொன்னது பொய். தூக்கிடு கண்ணு, தூக்கிடு."

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சாம்பல் குறி விழுந்தது, கோகிலா கேட்டால்தான் அது நீலமாகும். நீலமாகவில்லை. பட்டர்வொர்த்தில் இறங்கி டாக்சி பிடித்தபோதும் நீலமாகவில்லை. டாக்சிக்காரர் சிவப்பு விளக்கில் நின்றபோது அவள், "அண்ணே, அவசரம்ணே" என்றாள். "லம்பு செவப்புலா அக்கா, நா என்னா செய்ய?" என்றார் அவர். ருக்குமணி தொண்டைக்குள்ளேயே முருகனைக் கூப்பிட்டாள். ஒன்று மட்டும்தான் கேட்டாள். எனக்கு என்ன வேண்டுமானாலும் கொடு, அந்தப் பச்சை மண்ணைத் தொடாதே.

நாலாவது மாடியில் லிப்ட் திறந்தபோதே குழந்தையின் அலறல் கேட்டது.

கோகிலா தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு கிரில்லைத் திறந்தாள். "என்னாத்தை, சொல்லாமக் கொள்ளாம? ஏன் இப்படி வேர்த்துப்போயி..."

"எப்பலேருந்து அழறான்?"

"இப்பத்தான். நல்லாத் தூங்கிட்டிருந்தான், திடீர்னு வீல்னு கத்துனான்."

ருக்குமணி கதவைப் பிடித்துக்கொண்டாள். "உடுப்பக் கழட்டு. ஊசி உடைஞ்சுது கோகிலா. முனை அந்தப் போர்வையில இருக்கு."

கோகிலா ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் அவள் முகம் மாறியதை ருக்குமணி சாகிறவரைக்கும் மறக்கமாட்டாள். சோபாவில் குழந்தையைப் போட்டு ஒவ்வொன்றாக உரித்தாள். முதுகு, கழுத்து மடிப்பு, தொடை, உள்ளங்கால், வாய்க்குள்ளேகூட விரலை விட்டுப் பார்த்தாள். பின்தொடையில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. ருக்குமணி அதன்மேல் விரலை வைத்துத் தடவினாள். உள்ளே ஏதாவது நெருடுகிறதா? தெரியவில்லை. அது குழந்தையின் தோலா, சோபாத் துணியா என்பதுகூடத் தெரியவில்லை.

கோகிலா அவள் கையைத் தள்ளிவிட்டுத் தானே அழுத்திப் பார்த்தாள். "கொசு கடிச்சது. நேத்தே இருந்துச்சு." பால் கொடுத்ததும் குழந்தை அழுகையை நிறுத்தியது. பசிக்குத்தான் அழுதிருக்கிறது.

"ஓரத்துல தையல் சரியா வரலன்னு சொன்னீங்களேத்தை," என்றாள் கோகிலா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலாம்போல் இருந்தது. "ஊசின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே தூக்கியிருப்பேன்ல?"

ருக்குமணி போர்வையைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்துக் காந்தத்தை வரிசை வரிசையாக இழுத்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. திருப்பிப் போட்டு இழுத்தாள். ஒன்றும் இல்லை. அதை நம்புவதற்கு அவளுக்குத் தைரியம் இல்லை. கத்தியை எடுத்து ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

நாலு மாதம் தைத்தது. ஒரு கட்டத்துக்கு ஒரு வாரம் ஆன நாளும் உண்டு. அத்தனையையும் ஒரு மணி நேரத்தில் பிரித்தாள். சதுரங்கள் ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம் என்று குவிந்தன. பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துக் காந்தத்தில் காட்டினாள். தன் வேலை தன் கண்முன்னே குப்பையாவது அவளுக்கு வலிக்கவே இல்லை. கிடைத்துவிடு, கிடைத்துவிடு என்றுதான் கடைசிப் பஞ்சு வரைக்கும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

கிடைக்கவில்லை.

"அப்ப அது எங்கே?" என்றாள். மேசையில் இல்லை, போர்வையில் இல்லை, அவள் வீட்டில் இல்லை. அவள் பார்வை குழந்தையின்மேல் போனது. விழுங்கியிருந்தால்?

கோகிலாவும் அதையே நினைத்திருக்க வேண்டும். குழந்தையை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். "ஆஸ்பத்திரி போவோம். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுவோம்." போனைத் தேடப் போனவள் மேசையருகே நின்றுவிட்டாள். "அத்தை, உங்க வெரல் என்னா இப்படி இருக்கு?"

ருக்குமணி இடது கையைப் பார்த்தாள். ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கணு வரை வீங்கியிருந்தது. பிளாஸ்டர் நனைந்தால் மேலேயே இன்னொன்றைச் சுற்றிக்கொள்வது அவள் வழக்கம். அந்த விரலில் மூன்று சுற்று இருந்தது. கோகிலா ஒற்றைக் கையால் கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்டினாள். சீழ் நாற்றம் குப்பென்று வந்தது. உள்சுற்றில் இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. கறுத்த நகத்தின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்குள்ளே என்னவோ பளிச்சென்றது. கோகிலா காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். அது நகத்தின்மேல் பட்டென்று ஒட்டிக்கொண்டது.

கோகிலா காந்தத்தை மெதுவாக விலக்கினாள்.

"வெள்ளிக்கெழமயிலேருந்தா?" என்றாள் கோகிலா.

"ம்."

"நகத்தத் தொளச்சி எலும்பு வரைக்கும் போயிருக்கும்போல. வலிக்கவே இல்லியா அத்தை?"

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அந்த நிம்மதியில் ருக்குமணிக்கு அழுகை வந்தது. ஆனால் அது வந்த வேகத்திலேயே நின்றும்போனது. அன்றைக்கு மார்பிலிருந்த அந்தக் கட்டியும் வலிக்கவில்லை. டாக்டர்கூட இதையேதான் கேட்டார். இத்தனை நாளாக அந்த உடம்பு அவளிடம் எதையுமே சொல்வதில்லை. இன்னும் என்னென்ன சொல்லாமல் வைத்திருக்கிறதோ? ஆப்பரேஷன் மேசையில் படுத்தபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.

ருக்குமணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, கோகிலா போனில் கிராப் காருக்குத் தட்ட வேண்டியிருந்தது. வழக்கம்போல, "கொஞ்சம் பிடிங்கத்தை" என்று குழந்தையை நீட்டினாள். ருக்குமணி இரண்டடி பின்னால் போனாள்.

"வேணாம். வேணாம் கோகிலா. எனக்குக் கையில ஒண்ணும் தெரியல. நல்லாயிடுச்சுன்னு சொன்னது பொய். ஒங்கிட்ட, புவன்கிட்ட, டாக்டர்கிட்டகூடப் பொய்தான் சொன்னேன். தைக்க விடமாட்டீங்கன்னு பயந்துதான் அப்படிச் சொன்னேன். இவனத் தூக்குனா நழுவுறது எனக்குத் தெரியாது."

கோகிலா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது, கோபமும் இருந்தது. மேசைமேல் கிடந்த துணிக் குவியலைப் பார்த்தாள்.

"உக்காருங்க," என்றாள். "தரையில. செவுத்துல சாஞ்சி, கால நீட்டி."

ருக்குமணி உட்கார்ந்தாள். கோகிலா குனிந்து, நீட்டிய இரண்டு கால்களுக்கும் நடுவில் தொடைமேல் குழந்தையைக் கிடத்தினாள்.

"கைய வைக்காதீங்க. இப்படி இருந்தா எங்கயும் நழுவாது."

குழந்தையின் கனம் தொடையில் தெரிந்தது. துணியைத் தாண்டி அதன் சூடு தெரிந்தது. ஏப்பம் விடும்போது வயிறு குலுங்கியதுகூடத் தெரிந்தது. ருக்குமணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கார் வந்துவிட்டது என்று கோகிலா குழந்தையைத் தூக்குகிறவரைக்கும், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அப்படியே இருந்தாள்.