மூன்றாம் மாடிக்குப் போன தண்ணீர்

எங்கள் ஓனர் வெங்கடாசலம் ஒரு நாளும் எங்களைக் காலி பண்ணச் சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மனிதர்மேல் இல்லாத பழியைப் போட்ட பாவம் எனக்கு வேண்டாம். காலி பண்ணச் சொன்னால் மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்று வாடகைப் பத்திரத்தில் இருக்கிறது. அதை எழுதியவரும் அவரேதான். அதனால் அவர் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் குடியிருக்கும்போதே எங்கள் தலைக்கு மேல் இன்னொரு மாடி கட்ட ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

மரக்காணத்தில் மெயின் ரோட்டிலிருந்து உப்பளத்துப் பக்கம் திரும்புகிற தெருவில் எங்கள் கட்டடம். இரண்டு மாடி, மொத்தம் ஆறு வீடு. மேலே மூன்றாவது மாடி எழும்பினால் அதைப் பாண்டிச்சேரி ஜெயசீலன் என்பவர் குத்தகைக்கு எடுத்து, சனி ஞாயிறு வருகிற டூரிஸ்டுகளுக்கு ரூம் விடுவதாகப் பேச்சு. வாசலில் பேனரே கட்டிவிட்டார்கள். கீழே அழுக்கு லுங்கியும் பாவாடையும் காயப்போடுகிற குடும்பங்கள் இருந்தால் டூரிஸ்டு வருவானா? அதுதான் ஓனரின் கவலை. ட்ரில் சத்தம் ஆரம்பித்த ஒரே மாதத்தில் நாலு வீடு காலி. மிச்சம் இரண்டாவது மாடியில் நாங்களும், எதிர்வீட்டு நிவேதாவும். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாதி நாள் நைட் டூட்டி. பகலில் தூங்க வேண்டியவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

என் பெயர் ஆரோக்கியசெல்வி. நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். தெருவில் அறுபது வீட்டுக்கு என் மாவுதான். என் வீட்டுக்காரர் சகாயராஜுக்கு உப்பளத்தில் வேலை. பாத்தியில் நிற்கிற தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது, எப்போது உப்பு விளையும் என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. அதற்கென்று ஒரு கண்ணாடி மீட்டர், விரல் தண்டி இருக்கும், சட்டைப் பையில் வைத்திருப்பார். தண்ணீரில் மிதக்கவிட்டால் டிகிரியைக் காட்டும். பாக்கெட்டில் பேனா இல்லாமல் கோயிலுக்குப் போவார், மீட்டர் இல்லாமல் போகமாட்டார்.

சத்தத்தையும் தூசியையும் நான் பொறுத்துக்கொண்டேன். படிக்கட்டு முழுக்க ஜல்லியைக் கொட்டி வைத்ததையும் பொறுத்துக்கொண்டேன். மாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஜல்லிமேல் இறங்குவதில் எனக்குத் தனிப் பயிற்சியே வந்துவிட்டது. ஆனால் ஓனர் தண்ணீரில் கை வைத்தார்.

எங்கள் பக்கத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணிதான் வரும், பாத்திரம் கழுவ மட்டும் ஆகும். நல்ல தண்ணீர் லாரியில் வந்து, தரைக்குக் கீழே இருக்கிற சம்ப்புத் தொட்டியில் இறங்கும். அங்கிருந்து மொட்டைமாடி டேங்குக்கு ஏறி, வீட்டுக்கு வரும். இதுவும் பத்திரத்தில் இருக்கிறது. மாடி கட்ட வேண்டும் என்று டேங்கை இறக்கினார் ஓனர். போர் தண்ணீரை நேராகக் குழாயில் விட்டார். சம்ப்பு மூடிக்குப் பூட்டுப் போட்டார்.

"லாரி வர்றதில்லம்மா. சம்ப்பு காஞ்சு கெடக்குது. நான் இன்னா செய்ய?" என்றார். குரலில் அவ்வளவு பரிதாபம்.

லாரி வருவதை நானும் பார்க்கவில்லைதான். உப்பளத்துக்கு என் வீட்டுக்காரரும், மாவு போட நானும் விடிவதற்குள் கிளம்பி, திரும்ப ஒன்பது ஆகிவிடும். வந்தால் அந்த நேரத்தில்தான் வந்து போயிருக்க வேண்டும்.

உளுந்து அந்தத் தண்ணீரில் ஊறவே மாட்டேன் என்றது. மாவுக்கு உப்புப் போடுவதையே நிறுத்தினேன். அப்படியும் கரித்தது, கூடவே ஒரு கசப்பு. உப்பு விளைகிற ஊரில் இருந்துகொண்டு, உப்பு ஜாஸ்தி என்று பேர் வாங்கினேன். அறுபது வீடு நாற்பதாச்சு, நாற்பது இருபத்தைந்தாச்சு. மிச்சம் இருப்பவர்களும் என் முகத்துக்காக வாங்கினார்கள். எனக்கு அழுகையாக வந்தது. அழுதால் அந்த ஆள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று கத்தினேன். ஓனரைப் பார்த்தபோதெல்லாம் கத்தினேன்.

"நான் போகச் சொல்லலியேம்மா. உங்களுக்குக் கஷ்டமா இருக்குதேன்னுதான் சொல்றேன், வேற நல்ல வீடா பாத்துக்கிட்டா உங்களுக்குத்தான் நல்லது" என்பார். தேன் ஒழுகும்.

மார்ச் முதல் வாரம் மூன்றாம் மாடிக்குத் தளம் போட்டார்கள். இரண்டாம் நாளே எங்கள் அடுப்படிக் கூரை ஒழுக ஆரம்பித்தது. சொட்டு என் கையில் விழுந்தது. என்ன தோன்றியதோ, நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு வாடை அடித்தது. ஆனால் கரிக்கவில்லை. குழாயில் கடல் வருகிறது, கூரையில் நல்ல தண்ணி சொட்டுகிறது!

"என்னாங்க, மேல போய்ப் பாருங்க" என்று அவரை விரட்டினேன்.

தளம் வெடிக்காமல் இருக்க மேஸ்திரிகள் அதன்மேல் சின்னச் சின்னதாகக் கரை கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். ஒரு பத்து நாளாவது காயவிடக் கூடாது. மேலே போய்ப் பார்த்தால் அச்சு அசல் உப்பளம். வரிசையாகப் பாத்தி, பாத்தி நிறையத் தண்ணீர். என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்ப முடியுமா? இருபது வருஷப் பழக்கம். குனிந்தார், மீட்டரை மிதக்கவிட்டார். மேஸ்திரி கொளஞ்சி, "இன்னா அண்ணே, இங்க உப்பு வாரப் போறியா?" என்று சிரித்தானாம்.

கீழே வந்தவர் முகமே மாறியிருந்தது. "செல்வி, மேல பூஜ்யம். சுத்தமான லாரித் தண்ணி." பிறகு எங்கள் குழாய்த் தண்ணீரைக் குவளையில் பிடித்து மீட்டரை விட்டார். "இது ஒண்ணே கால் டிகிரி. கடலே மூணுதான்."

சம்ப்பு காயவில்லை. எங்கள் தண்ணீரைத்தான் கான்கிரீட் குடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அப்போதே போய் அந்தப் பாத்திக்கரையை எல்லாம் மிதித்து உடைத்திருப்பேன். நிவேதாதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒடச்சா கேசு நம்ம மேல வரும்க்கா. வாடகைக்கு இருக்கறவங்களுக்குத் தண்ணி, கரண்ட்டு இதெல்லாம் நிறுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்குது. மனு குடுப்போம்" என்றாள். தூக்கமில்லாத கண்ணோடு உட்கார்ந்து அவளே எழுதினாள், பத்திரத்தின் நகலையும் சேர்த்து வாடகை அதிகாரி ஆபீசில் கொடுத்தோம்.

விசாரிக்க ஓர் அதிகாரி அம்மா வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஓனருக்கும் வந்தது. அவர் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. லாரி வரவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது, பூட்டின சம்ப்புக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? அவர் சொல்லப்போகிற கதையை முன்கூட்டியே கேட்டுவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பேனரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"சார், ஜெயசீலன் சாருங்களா? மரக்காணத்துலேர்ந்து பேசறேன். உங்க மாடிக்குத் தளம் போட்டாச்சு. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஓனர் இங்கதான் இருப்பாரு. வந்து ஒரு பார்வை பாத்துக்கறீங்களா?"

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. யார் பேசுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஓனர் மல்லு வேட்டியில் வந்து நின்றார். அதிகாரி அம்மா சின்ன உருவம், பெரிய நோட்டு. கீழே வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். பிறகு ஓனரைப் பார்த்தார்.

"நல்ல தண்ணிய நிறுத்திட்டீங்களாமே?"

"லாரியே வர்றதில்ல மேடம். ஆனா போர் தண்ணி இருபத்தி நாலு மணி நேரமும் விடறேன். அதுவும் நல்ல தண்ணிதான். இந்தம்மா கொஞ்சம் சத்தக்காரி, எதுக்கெடுத்தாலும் கத்தும்."

தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆள் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஓனருக்கு அது முதுகுப் பக்கம். நான் அவசர அவசரமாகக் கேட்டேன்.

"நல்ல தண்ணின்னா உங்க கட்டடத்துக்கு அத ஊத்துவீங்களா ஓனர்?"

"ஊத்துவீங்களாவா? அதத்தான் ஊத்திக்கிட்டு இருக்கேன்!" ஓனர் மார்பைத் தட்டினார். "கான்கிரீட்டு கலந்தது, இப்ப தளத்துல நிக்கிறது, எல்லாம் அதே போர் தண்ணிதான் மேடம். எனக்கொண்ணு, அவங்களுக்கொண்ணுன்னு பிரிச்சுப் பாக்கற ஆள் இல்ல நான்."

அதிகாரி அம்மா எழுதிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடிக்காரர் அதைக் கேட்டபடியே வந்து ஓனருக்குப் பின்னால் நின்றார். என் வீட்டுக்காரர் ஒரு பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, மீட்டரை மெதுவாக மிதக்கவிட்டார். எல்லாரும் குனிந்தோம். கறுப்புக் கண்ணாடியும் குனிந்தது.

"ஒண்ணே கால் டிகிரிங்க மேடம். இத நாலு நாள் வெயில்ல வெச்சா உப்பு எடுக்கலாம்" என்றார் அவர், அடக்கமாக.

ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தத் தண்ணியாங்க என் மாடிக்கு ஊத்தியிருக்கீங்க?"

ஓனர் திரும்பினார். அந்த முகத்தை எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன். "சார்... நீங்க எப்ப..."

"உப்புத் தண்ணில கான்கிரீட்டு போட்டா உள்ள கம்பி என்னாத்துக்கு ஆகும்? ரெண்டு வருஷத்துல துரு புடிச்சு தளம் தலையில விழும். என் கஸ்டமர் தலையில! பேச்சு முடிஞ்சுதுங்க, வேற ஆள பாத்துக்கோங்க." அவர் காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஓனர் பதறிக்கொண்டு குறுக்கே ஓடினார். "ஐயையோ சார், நில்லுங்க சார்! ஒரு சொட்டு உப்புத் தண்ணி இல்ல சார் உங்க தளத்துல! அத்தனையும் லாரித் தண்ணி, என் குலதெய்வத்து மேல சத்தியம்! ரெண்டு நாளைக்கு ஒரு லோடு, விடியறதுக்குள்ள வந்து எறங்குது. இவங்களுக்குக் கூட ஒரு குடம் விடாம, பூட்டுப் போட்டு வெச்சு உங்க தளத்துக்கே ஊத்தியிருக்கேன் சார்! வாங்க, கண்ணால பாருங்க!"

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அவரே பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கினார். சம்ப்பு கழுத்து மட்டும் நிறைந்து பளபளத்தது.

ஜெயசீலன் நிம்மதியாக மூச்சுவிட்டார். ஓனரும் விட்டார். அப்புறம்தான் வாய் என்ன சொல்லிவிட்டது என்பது அவருக்கு உறைத்தது. அதிகாரி அம்மாவின் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"'ஒரு குடம் விடாம'... அப்படித்தானே சொன்னீங்க?" என்றார் அந்த அம்மா, நிமிராமலே. "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார். போடாவிட்டால் ஜெயசீலன் முன்னால் மறுபடியும் போர் தண்ணீர்க் கதைக்கே போக வேண்டுமே! அதிகாரி அம்மா நோட்டை மூடினார். ஆர்டர் வர ஒரு வாரம் ஆகும், டேங்கைத் திரும்ப ஏற்றும்வரை சம்ப்புச் சாவி குடியிருப்பவர்களிடம் இருக்கட்டும் என்றார். ஓனர் ஜெயசீலனைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார், சாவியை என் கையில் வைத்தார். நிவேதா சிரிப்பை அடக்கமுடியாமல் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நல்ல வெயில். பத்து மணிக்கெல்லாம் மேலேயிருந்து கொளஞ்சி கத்தினான்: "ஓனர், பாத்தியெல்லாம் காயுது! இன்னும் ரெண்டு மணி நேரம் வுட்டா தளம் வெடிச்சிடும்!"

படிக்கட்டில் ஜல்லி சரிகிற சத்தம் கேட்டது. ஓனர் ஏறி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒருமுறை வழுக்கி, என் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"ஏம்மா செல்வி... கொஞ்சம் அந்தச் சாவி..."

நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்தவில்லை. "படிக்கட்டு ஜல்லிய இன்னிக்கே அள்ளணும்" என்றேன்.

"அள்ளிடறேன்."

"நிவேதா டூட்டி முடிச்சு வந்த நாள்ல, அது எழுந்திரிக்கற வரைக்கும் ட்ரில் போடக் கூடாது."

"போடலம்மா."

"லாரி வந்தா மொதல்ல எங்க குடம், அப்புறம் உங்க தளம்."

அவர் மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு தலையாட்டினார். பேச்சை நம்புகிற காலமெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது. மூன்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டினேன், வாசல் கதவிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்கவும் நான் முயற்சி செய்யவில்லை.

சாவியை மட்டும் கொடுக்கவில்லை. நானே அவரோடு கீழே இறங்கிப் போய்ச் சம்ப்பைத் திறந்து மோட்டார் போட்டேன். தண்ணீர் ஏறி முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவரும் வெயிலில் நின்றார்.

"போதுமா ஓனர்?"

"இன்னும் கொஞ்சம் விடும்மா."

விட்டேன். தளம் வெடித்தால் முதலில் ஒழுகப் போவது என் அடுப்படிதானே.